பிழைத்த பன்றிகளைத் தேடிய ஊர்

அமெரிக்காவின் நடுமேற்கில் உள்ள அயோவா மாநிலத்தில் மனிதர்கள் ஏறத்தாழ 32 இலட்சம் பேர். பன்றிகளோ இரண்டு கோடிக்கும் மேல். விளைந்த மக்காச்சோளத்தைத் தானியமாகவே விற்பதைவிட, அதைப் பன்றிக்கு ஊட்டி இறைச்சியாக்கி விற்பதில் ஆதாயம் அதிகம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்ட அந்த நிலப்பகுதியில், பன்றிக்கு வரும் நோய் பட்டியோடு நிற்பதில்லை. வங்கிக் கடனையும் இரயில் சரக்கையும் இறைச்சிச் சந்தையையும் அது சேர்த்தே தாக்கும். தலைநகர் டெ மொயினுக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் உள்ள ஏம்ஸ் என்னும் கல்லூரி நகரம் நூறாண்டுக்கும் மேலாகப் பன்றி நோய் ஆய்வின் மையமாக விளங்கி வருவதற்கு இந்தக் கணக்கே அடிப்படை. அமெரிக்காவின் முதல் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1879இல் அங்கே தொடங்கப்பட்டது.

ஒரு பாக்டீரியா உடலுக்குள் நுழைந்ததும் பன்றியின் வெள்ளையணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன, எவை அடங்குகின்றன, ஒரே அளவு தொற்றுக்கு ஆளான இரண்டு பன்றிகளுக்குள் இந்த எதிர்வினை ஏன் வேறுபடுகிறது என்பவை இன்று அந்நகரின் ஆய்வகங்களில் அன்றாடம் எழுப்பப்படும் கேள்விகள். ஆனால் பட்டியே அழிந்த பின்னும் ஒன்றிரண்டு பன்றிகள் எப்படிப் பிழைத்தன என்ற கேள்வி பிறப்பதற்கு வெகுகாலம் பிடித்தது. அதற்கு முந்தைய நீண்ட காலம் முழுவதும் ஆய்வாளரின் கவனம் பன்றியைக் கொன்ற கிருமியின் மீதே இருந்தது. பிழைத்த பன்றி அவர்களுக்கு வெறும் மூலப்பொருளாகப் பயன்பட்டதேயன்றி, ஆராயப்பட வேண்டிய உயிராகத் தெரியவில்லை.

அந்தக் கதை பன்றிக் காலரா என்று அழைக்கப்பட்ட நோயிலிருந்து தொடங்குகிறது. மனிதக் காலராவோடு எந்தத் தொடர்பும் இல்லாத இந்தக் கொடிய காய்ச்சல், 1830களில் ஒஹையோ மாநிலத்தில் முதன்முதலாகப் பதிவாகி, இரயில் பாதைகளோடு சேர்ந்து மேற்கே பரவியது. அதை ஒடுக்குவது 1884இல் உருவாக்கப்பட்ட அமெரிக்கக் கால்நடைத் தொழில் பணியகத்தின் முதன்மையான வேலைகளில் ஒன்றாயிற்று. பணியகத்தின் தலைவர் டேனியல் சால்மன் ஒரு கால்நடை மருத்துவர். அவருக்குக் கீழே ஆய்வகத்தில் உண்மையில் உழைத்தவர் தியோபால்டு ஸ்மித் என்ற இளம் மருத்துவர். நோயுற்ற பன்றிகளின் உறுப்புகளிலிருந்து ஒரு பாக்டீரியாவை 1885இல் பிரித்தெடுத்த இவர்கள், அதுவே பன்றிக் காலராவின் காரணி என்று அறிவித்தார்கள். வெப்பத்தால் கொல்லப்பட்ட அதே பாக்டீரியாவைப் புறாக்களுக்குள் செலுத்தினால், பின்னர் உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்தியபோதும் அவை சாகாமல் தப்பிப்பதை மறு ஆண்டே காட்டினார்கள். உயிரற்ற கிருமியும் உடலுக்குப் பாதுகாப்பைக் கற்றுத்தர வல்லது என்பதற்கு அது மிக முந்திய சான்றுகளுள் ஒன்று.

வழிமுறை சரி, குற்றவாளி தவறு. பன்றிக் காலராவை உண்டாக்குவது அந்த பாக்டீரியா அன்று என்பதும், பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் மிக நுண்ணிய வடிகட்டிகளையும் கடந்து செல்லும் ஒரு வைரஸே அதன் காரணி என்பதும், அதே பணியகத்தைச் சேர்ந்த எமில் டி ஷ்வைனிட்ஸும் மேரியன் டார்செட்டும் 1903இலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் செய்த சோதனைகளால் தெளிவாயிற்று. வைரஸ் உடலைத் தளர்த்திய பிறகு உள்ளே பெருகும் துணைத் தொற்றாகவே அந்த பாக்டீரியா பெரும்பாலும் இருந்திருக்கிறது. ஆயினும் அது ஒன்றுமறியாக் கிருமி அன்று; வைரஸின் துணை இல்லாமலேயே பன்றிகளுக்குக் கடும் இரத்தத் தொற்றை உண்டாக்கக்கூடியது. அது சார்ந்த பேரினத்துக்கு 1900இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஜோசப் லின்யேர் சால்மனின் பெயரைச் சூட்டியதால், ஆய்வகத்தில் உழைத்த ஸ்மித்தின் பெயர் பின்தங்க, நிர்வாகியின் பெயர் சால்மோனெல்லாவாக நிலைத்துவிட்டது. அறிவியல் வரலாற்றில் இது புதுமையான அநீதி ஒன்றும் அன்று.

காரணி வைரஸ் என்று தெரிந்ததும் ஏம்ஸ் நகரம் மேடைக்கு வருகிறது. நோயிலிருந்து தானாகப் பிழைத்த பன்றியின் உடலில் நச்சுள்ள இரத்தத்தை மேலும் மேலும் செலுத்தினால், அதன் குருதிநீரில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், பிற பன்றிகளைக் காப்பாற்றும் ஆற்றல் மிகுதியாகச் சேர்கிறது என்பதை டார்செட்டும் அவருடைய துணைவர்களும் கண்டறிந்தார்கள். 1907இல் ஏம்ஸைச் சுற்றியிருந்த பண்ணைகளில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். சோதனை வென்றதும் குருதிநீர் தயாரிப்பு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பிழைத்த பன்றியின் வால்நுனியை நறுக்கி இரத்தம் வடிப்பார்கள். சில நாள் இடைவெளிவிட்டு மீண்டும் சிறிது நறுக்குவார்கள். வால் தீரும்போது பன்றியைக் கொன்று மீதி இரத்தத்தையும் எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் தரமற்ற சரக்கும் மோசடியும் மலிந்ததால், 1913இல் வைரஸ், குருதிநீர், நச்சுப்பொருள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றியது.

பிழைத்த பன்றியின் மதிப்பை இவ்வளவு துல்லியமாக உணர்ந்திருந்த அந்தத் தொழில், அது ஏன் பிழைத்தது என்று கேட்கவில்லை. குருதிநீரோடு உயிருள்ள வைரஸையும் சேர்த்துச் செலுத்தும் முறை நெடுங்காலப் பாதுகாப்பைத் தந்தாலும், அந்த வைரஸே புதிய பட்டிகளில் நோயை விதைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் 1962இல் தொடங்கப்பட்ட ஒழிப்புத் திட்டம், நோய் கண்ட மந்தைகளையே அழிப்பது என்ற கடுமையான வழியில் சென்று, 1978இல் அந்நோய் நாட்டிலேயே இல்லை என்ற அறிவிப்போடு முடிந்தது.

இதற்கிடையே அயோவா வேறொரு பாடத்தையும் தந்தது. 1918இன் இலையுதிர்காலத்தில், மனிதரிடையே இன்ஃப்ளுவென்சா கொள்ளைநோய் பரவிய அதே வேளையில் பன்றிகளுக்கும் அதைப் போன்றதொரு நோய் கண்டது. கால்நடை ஆய்வாளராக இருந்த ஜே. எஸ். கோயன் அதை இன்ஃப்ளுவென்சா என்றே அழைக்க, இறைச்சி விற்பனை கெட்டுவிடும் என்று பன்றி வளர்ப்போர் அவர்மீது சினந்தார்கள். டெ மொயினில் பிறந்த ரிச்சர்டு ஷோப் பத்தாண்டுகளுக்குப் பின் அந்த நோயை ஆராய்ந்து, வைரஸ் தனியாகச் செலுத்தப்பட்டபோது நோய் மென்மையாகவே இருந்ததையும், ஹீமோஃபிலஸ் வகையைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவும் உடன் சேர்ந்தபோது கடுமையாக வெளிப்பட்டதையும் 1931இல் வெளியிட்டார். ஒரு கிருமிக்கு ஒரு நோய் என்ற எளிய சூத்திரம் பன்றியின் நுரையீரலில் செல்லுபடியாகவில்லை.

கிருமியிலிருந்து விலங்கின் பக்கம் கேள்வி திரும்பியதும் ஏம்ஸில்தான், அயோவா மாநிலக் கல்லூரியில்தான். ஆனால் திரும்பிய இடத்தில் பன்றி இல்லை. டபிள்யூ. வி. லாம்பர்ட் கோழிகளைச் சால்மோனெல்லா வகையொன்றால் தொற்றுக்கு உள்ளாக்கி, பிழைத்தவற்றை மட்டும் இனப்பெருக்கம் செய்து, தலைமுறைக்குத் தலைமுறை இறப்பு குறைவதை 1932இல் காட்டினார். அதே ஆண்டில் ஷாட் என்ற ஆய்வாளர் எலிகளில் அதையே செய்தார். தொடக்கத்தில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு எலிகளைக் கொன்ற அதே பாக்டீரியா, ஆறு தலைமுறைத் தேர்வுக்குப் பின் நான்கில் ஒரு பங்கை மட்டுமே கொன்றது. அந்த எலிகளுக்குத் தடுப்பூசி எதுவும் போடப்படவில்லை. பெற்றோரிடமிருந்து வந்த ஏதோ ஒன்றே அவற்றைக் காத்தது. 1937இல் அங்கே வந்து சேர்ந்த ஜான் கோவன், சால்மோனெல்லாவுக்கு எளிதில் பலியாகும் எலி வகைகளிலிருந்து எளிதில் சாகாத வகைகள் வரை ஒரு வரிசையையே பேணி வளர்த்து, வெள்ளையணுக்களின் எண்ணிக்கைக்கும் பிழைப்புக்கும் உள்ள உறவைப் பல ஆண்டுகள் அளந்தார்.

அதே வளாகத்தில்தான் கால்நடை இனப்பெருக்க அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஜே லஷ் பணியாற்றினார். 1937இல் பன்றி இனப்பெருக்கத்துக்கென்றே ஒரு வட்டார ஆய்வகமும் ஏம்ஸில் நிறுவப்பட்டது. இருந்தும் நோயெதிர்ப்பின் மரபியல் பன்றிக்கு வரவில்லை. எலி மூன்று வாரத்தில் குட்டி ஈனும், பன்றிக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். விலை உயர்ந்த பன்றிகளை வேண்டுமென்றே தொற்றுக்கு ஆளாக்கிக் கொல்வதற்கு எந்தப் பண்ணையும் இசையாது. இவை காரணங்களாகச் சொல்லப்படலாம். ஆனால் குருதிநீரும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவனத்திலேயே கலக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் மலிவாகக் கிடைத்த வரை, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே பன்றி வளர்ப்போருக்கு எழவில்லை என்பதே இவற்றைவிட வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

பன்றியிலேயே முதல் விடை கிடைத்தது இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தில். பிறந்த சில நாட்களில் குட்டிகளைக் கொல்லும் கழிச்சலுக்குக் காரணமான ஈ. கோலை பாக்டீரியா, குடல் சுவரில் ஒட்டிக்கொண்டால்தான் நோயை உண்டாக்கும். சில குட்டிகளின் குடலில் அது ஒட்டவே இல்லை என்பதையும், அந்தப் பண்பு பெற்றோர் வழியாக இறங்குகிறது என்பதையும் செல்வுட், ரட்டர், கிப்பன்ஸ் ஆகியோர் 1970களின் நடுவில் காட்டினார்கள். இதில் ஒரு முரண் உண்டு. பன்றியின் நச்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருள்களைக் கருவுக்குள் விடாததால், குட்டி எதிர்ப்பொருள் ஏறக்குறைய ஏதுமின்றிப் பிறந்து, முதல் நாளின் சீம்பாலையே நம்பி வாழ்கிறது. பாக்டீரியா ஒட்டாத குடலுடைய தாய்க்கோ அந்தக் கிருமியோடு உரசலே நேராததால், அதன் சீம்பாலில் அதற்கெதிரான பொருளும் இருப்பதில்லை. ஆகவே எதிர்ப்புள்ள தாய்க்கும் எதிர்ப்பற்ற தந்தைக்கும் பிறந்த குட்டிகளே அதிகம் மடிந்தன. 1997இல் சூரிச் ஆய்வாளர்கள் பால்மறந்த குட்டிகளைத் தாக்கும் வேறொரு ஈ. கோலை வகைக்கு இதுபோன்ற காரணத்தைக் கண்டுபிடித்து, அதை ஒரே ஒரு மரபணு எழுத்தின் மாற்றம் வரை சுருக்கிக் காட்டினார்கள். இவ்விரண்டும் கிருமி வந்து இறங்கும் துறையே இல்லாத உடல்களைப் பற்றியவை. உள்ளே இறங்கிவிட்ட கிருமியோடு போராடும் அணுக்களைப் பற்றி இவை எதுவும் சொல்லவில்லை.

அந்த அணுக்களை நோக்கிய பாதை மீண்டும் ஏம்ஸுக்கே வந்தது. மத்திய அரசின் தேசிய விலங்கு நோய் ஆய்வகம் 1961இல் அங்கே திறக்கப்பட்டிருந்தது. சால்மனும் ஸ்மித்தும் பிரித்தெடுத்த அதே சால்மோனெல்லாவை, பன்றியின் நியூட்ரோபில்களுக்குள், அதாவது கிருமிகளை விழுங்கி அழிப்பதற்காகத் தொற்றிடத்துக்கு முதலில் விரையும் வெள்ளையணுக்களுக்குள், மீண்டும் மீண்டும் செலுத்தி, உயிரோடு தப்பியதை மட்டும் எடுத்து வளர்த்து வந்தார்கள் கிராமரும் ரூஃபும். சில சுற்றுகளில் அந்த பாக்டீரியா தன் நச்சுத்தன்மைக்குத் தேவையான ஒரு டி.என்.ஏ. வளையத்தை இழந்து சாதுவாயிற்று. 1992இல் அவர்கள் வெளியிட்ட அந்த வகை, பன்றிகளுக்கான உயிருள்ள தடுப்பூசியாயிற்று. பன்றிகளின் செந்தோல் நோய்க் கிருமியை முயல்களின் உடல்வழியே கடத்திக் கடத்தி வலுவிழக்கச் செய்து, 1880களின் தொடக்கத்தில் தென் பிரான்சில் பாஸ்டரும் துய்யியேயும் தடுப்பூசி செய்த உத்தியை இது ஒத்திருக்கிறது. முழு விலங்கின் இடத்தில் இங்கே ஒற்றை அணு நின்றது.

அணுவுக்குள் நடப்பதைப் படிக்கும் கருவி பத்தாண்டுகள் கழித்தே வந்தது. உடலின் ஒவ்வோர் அணுவிலும் அதே மரபணுத் தொகுதி இருந்தாலும், எந்த மரபணு எந்த நேரத்தில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பதே அணுவின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களின் புறச்சுவரில் உள்ள கொழுப்புச் சர்க்கரை மூலக்கூற்றை, கிருமிகளை விழுங்கும் மற்றொரு வகை அணுவான மேக்ரோஃபேஜ், தன் மேற்பரப்பில் உள்ள டி.எல்.ஆர். 4 என்ற ஏற்பியால் அடையாளம் காண்கிறது. அந்தச் செய்தி உட்கருவை எட்டியதும், அழற்சியைத் தூண்டும் புரதங்களுக்கும், பிற அணுக்களை வரவழைக்கும் புரதங்களுக்குமான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் படியெடுக்கப்படத் தொடங்குகின்றன. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஒரே வேளையில் அளக்கும் மரபணுச் சில்லுகள் 2000களின் நடுவில் பன்றிக்கும் கிடைத்தபோது, ஏம்ஸ் ஆய்வாளர்கள் தொற்றுக்குப் பிந்தைய மணிகளிலும் நாட்களிலும் குடலையொட்டிய நிணநீர்க் கணுக்களில் இந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். டி. ஜே. டபாஸ்கோ என்ற டூரோக் இனப் பெண் பன்றியின் மரபணுத் தொகுதி, ஏறத்தாழ 250 கோடி எழுத்துகள் கொண்டது, 2012இல் வெளியானது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் ஹ்யூமின் குழு, பாக்டீரியாவின் அந்தக் கொழுப்புச் சர்க்கரையைச் சந்திக்கும் பன்றி மேக்ரோஃபேஜ், எலியின் மேக்ரோஃபேஜைப் போல நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் மரபணுவை முடுக்கிவிடாமல், மனித அணுவின் வழியிலேயே நடப்பதைக் காட்டியது. நோயெதிர்ப்பு அறிவியலின் பெரும்பகுதி எலியின் மீது கட்டப்பட்டது என்பதை நினைக்கும்போது இந்தக் கண்டுபிடிப்பு சற்றுச் சங்கடமானதே.

ஏம்ஸ் ஆய்வுகளில் மிகுந்த பொருள் பொதிந்தது, கோவனின் எலிகள் எழுப்பிய கேள்வியைப் பன்றியிடம் கேட்ட ஆய்வு. ஷான் பியர்சன், கிறிஸ்டோபர் டக்கிள் ஆகியோரின் குழுக்கள் பன்றிகளுக்கு ஒரே அளவு சால்மோனெல்லா டைஃபிமூரியத்தைக் கொடுத்து, மூன்று வாரங்கள் சாணத்தில் எவ்வளவு பாக்டீரியா வெளியேறுகிறது என்று எண்ணின. சில பன்றிகள் விரைவில் தூய்மையாயின. சில விடாமல் வெளியேற்றிக்கொண்டே இருந்தன. இரண்டாம் நாளில் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் இண்டர்ஃபெரான் காமா என்ற புரதம் இரத்தத்தில் மிகுந்திருந்தது, எதிர்பார்ப்புக்கு மாறாக, விடாமல் வெளியேற்றிய பன்றிகளில்தான். பலத்த எதிர்வினையே நல்ல எதிர்வினை என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது. அழற்சி கண்ட குடலில் உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மத்தைச் சால்மோனெல்லா தன் சுவாசத்துக்கே பயன்படுத்தி, குடலின் பிற பாக்டீரியாக்களை முந்திப் பெருகுகிறது என்று 2010இல் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லரின் குழு எலிகளில் கண்டறிந்தது இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் 1990களில், நோயெதிர்ப்பு வலுவாக உள்ள பன்றிகளையே பல தலைமுறைகள் தேர்ந்து வளர்த்தபோதும் இதையொத்த அனுபவம் கிடைத்திருந்தது. மைக்கோபிளாஸ்மா தொற்றில் அந்தப் பன்றிகளின் நெஞ்சு, வயிற்று உறைகள் குறைவாகவே பாதிக்கப்பட்டன, ஆனால் மூட்டு வீக்கம் மற்றவற்றைவிடக் கடுமையாக இருந்தது.

அண்மைக் காலத்தில் ஆய்வு மேலும் நுண்ணிய தளங்களுக்கு இறங்கியிருக்கிறது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களில் ஒட்டும் வேதிக் குறிகள், தொற்று வந்ததும் எந்த மரபணுக்களின் கதவுகளைத் திறக்கின்றன என்பது நுரையீரல் மேக்ரோஃபேஜ்களில் வரையப்படுகிறது. இரத்தத்தின் ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே எடுத்து அதன் ஆர்.என்.ஏ.வைப் படிக்கும் முறையும் ஏம்ஸ் பன்றிகளுக்கு வந்துவிட்டது. தற்செயலுக்கும் இதில் இடமிருந்தது. குறைந்த தீவனத்தில் வளரும் பன்றிகளுக்காக அயோவாவில் பல தலைமுறைகள் தேர்ந்து வளர்க்கப்பட்ட யார்க்‌ஷயர் வழித்தோன்றலில், பி, டி என்ற இரு நிணநீரணு வகைகளும் இல்லாத குட்டிகள் பிறந்து இறப்பது தெரியவந்து, ஆர்ட்டெமிஸ் என்ற ஒரே மரபணுவில் நேர்ந்த இரு வேறு பழுதுகளே காரணம் என்று கண்டறியப்பட்டது. தீவனச் செலவைக் குறைக்கப் புறப்பட்ட இனத்தேர்வு, உள்ளே மறைந்திருந்த நோயெதிர்ப்புக் குறையை இப்படி வெளிக்கொணர்ந்தது.

இந்த அறிவில் எது பண்ணையை எட்டியது என்பதிலும் பழைய கணக்கே தொடர்கிறது. ஈ. கோலை ஒட்டாத குடலைத் தரும் மரபணு வகைகளுக்கான சோதனைகளை இனப்பெருக்க நிறுவனங்கள் பயன்படுத்தலாயின, ஏனெனில் அந்தக் கழிச்சலில் சாகும் குட்டி வளர்ப்பவரின் நட்டம். சால்மோனெல்லா டைஃபிமூரியத்தைச் சுமக்கும் பன்றியோ பெரும்பாலும் நோய்க்குறி ஏதுமின்றித் தின்று, எடை கூடி, மற்ற பன்றிகளின் விலைக்கே விற்பனையாகிறது. அந்த பாக்டீரியாவால் வரும் துன்பம் அதன் இறைச்சியை அரைவேக்காடாக உண்டவருக்கே. ஆகவே விரைவில் தூய்மையாகும் பன்றிகளைத் தேர்ந்தெடுக்க உதவக்கூடிய மரபணுக் குறிகள் ஆய்விதழ்களில் வந்த அளவுக்கு இனப்பெருக்கத் திட்டங்களில் இடம்பெறவில்லை. தீவனச் செலவு, வளர்ச்சி வேகம், ஈற்றுக்கு எத்தனை குட்டிகள் ஆகியவையே அங்கே இன்னும் முன்வரிசையில் நிற்கின்றன.